சிலிந்துவின் மக்கள்

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாடலொன்று பள்ளிப் பாடநூல்கள் வாயிலாக நம் மாணவர் யாவர்க்கும் அறிமுகமானது. ஒரு மகனை ஆளாக்குவதில் யார் யாருக்கு என்னென்ன கடமை உண்டு என்பதை அது பங்கிட்டுத் தருகின்றது. தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, வேல் வடிக்குங் கொல்லனுக்கு ஒன்று, நாடாளும் வேந்தனுக்கு ஒன்று, ஈற்றில் அம்மகனுக்கும் ஒன்று எனக் கடமைகள் அங்கே வரிசைப்படுகின்றன. மேடைகளில் இப்பாடலை எடுத்தாள்வோர் பெரும்பாலும் தந்தையின் கடமையோடு நின்றுவிடுவர். பிள்ளை நன்கு வளரவில்லையெனில் தகப்பனைக் குறைகூறி அமைவர். வேந்தனுக்கும் அவ்வரிசையில் ஓர் இடமுண்டு என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

அங்ஙனமாயின், ஊருக்கும் அரசுக்கும் எட்டாத காட்டின் நடுவே தன் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தந்தையை இவ்வரிசையில் எங்கே நிறுத்துவது? அவன் அவர்களுக்குக் கற்பிப்பது கல்வியாகுமா? அவர்கள் கெட்டழிந்தால் அப்பழி அவனைச் சாருமா, காட்டைச் சாருமா, அன்றி வேறு யாரையேனுஞ் சாருமா? இக்கேள்விகளை இலங்கை மண்ணில் வைத்தே எழுப்பிய நாவலொன்றுண்டு. லெனாட் வூல்ஃப் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1913 ஆம் ஆண்டு வெளிவந்த ‘காட்டினுள் ஒரு கிராமம்’ எனப் பொருள்படும் தலைப்புடைய நாவலே அது. சிங்கள மக்கள் அதனைப் ‘பெத்தேகம’ என்னும் பெயரால் அறிவர். 1980 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாகவும் ஆக்கினார். தமிழ் மாணவரிடையே அந்நாவல் பெற்றிருக்க வேண்டிய இடத்தைப் பெறவில்லை என்பது எமது எண்ணம். அதனை ஒரு பள்ளி ஆசிரியனின் கண்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியர் வரலாறு

வூல்ஃப் 1880 இற் பிறந்தவர். 1904 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைச் சிவில் சேவை அலுவலராக இங்கு வந்து, முதலில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றினார். 1906 இல் மரிச்சுக்கட்டிக் கரையில் நடைபெற்ற முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தோருள் அவரும் ஒருவர். மன்னாருக்குத் தெற்கே, எமது புத்தளக் கடலோரத்திற்கு வடக்கே உள்ளது அக்கரை. பின்னர் கண்டியிலும், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவும் கடமை புரிந்தார். தமிழுஞ் சிங்களமும் கற்றார். 1911 இல் விடுமுறையிற் சென்றவர் மீண்டும் பணிக்குத் திரும்பவில்லை. 1912 இற் பதவி துறந்தார். அடுத்த ஆண்டே இந்நாவல் வெளிவந்தது.

அம்பாந்தோட்டையில் அவர் ஆட்சியாளராக மட்டுமன்றி நீதவானாகவும் இருந்தவர் என்பது ஈண்டு கருதற்பாலது. வரி அறவிட்டவர், சேனை வெட்ட அனுமதி கொடுத்தவர், மறுத்தவர், குற்றவாளிக் கூண்டில் நின்ற குடியானவனுக்குச் சிறைத்தண்டனை விதித்தவர் ஆகிய அனைவரும் அவர் ஒருவரே. அத்தகையவர் ஆட்சியாளரின் மேசையை விட்டு எழுந்து வந்து, அம்மேசையின் முன் நின்ற மனிதனின் குடிசைக்குள் அமர்ந்து எழுதிய கதை இது. இதன் வலிமைக்கும், பின்னர் நாம் சுட்டவிருக்கும் குறைபாட்டுக்கும் இதுவே வேராகும்.

தந்தை தந்த கல்வி

தென்னிலங்கையின் வரண்ட காட்டினுள்ளே பத்துக் குடிசைகளே கொண்ட ஊர் பெத்தகம. அங்கே வாழும் சிலிந்து என்பவன் வேட்டைக்காரன். ஊரார் அவனைச் சோம்பேறியென்றும் சித்தங் கலங்கியவனென்றுங் கூறுவர். அவனுடைய மனைவி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெறுகின்றாள். ஆண் பிள்ளை பிறக்கவில்லையே என்ற சினத்தால் அவன் அவளை அடிக்கின்றான். இரு நாளில் அவள் இறக்கின்றாள். தாயற்ற அக்குழந்தைகளை அவன் தங்கை கார்லினாஹாமி வளர்க்கின்றாள். மூத்தவள் புஞ்சி மெனிக்கா, இளையவள் ஹின்னிஹாமி.

நாவலாசிரியர் தம் நாயகனை இத்தகைய கொடுஞ்செயலோடு அறிமுகஞ் செய்வதை வாசகர் ஊன்றி நோக்குதல் வேண்டும். காட்டில் வாழ்வோர் யாவரும் கள்ளங் கபடமற்ற நல்லோர் என்னும் இனிய கற்பனைக்கு அவர் இடந்தரவில்லை. சிலிந்து நல்லவன் என்பதற்காக அவன் மீது நாம் இரங்குவதில்லை. இரங்கிய பின்னரும் அந்த முதல் அடியை நாம் மறப்பதில்லை.

குழந்தைகள் மூன்று அகவையை எட்டும் வரை அவன் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. அதன் பின்னரே அவர்கள்பால் அன்பு பிறக்கின்றது. அவர்களைக் காட்டுக்குள் அழைத்துச் செல்கின்றான். எந்தச் சுவடு எந்த விலங்கினது, முட்புதரினூடே ஓசையின்றி நகர்வது எவ்வாறு, வரட்சிக் காலத்தில் நீர் எங்கே எஞ்சும் என்பனவற்றை அவர்கள் அவனிடமிருந்து அறிகின்றனர். முற்றத்தில் அமர்ந்து யானையையும் சிறுத்தையையும் மரங்களிற் குடிகொண்ட பேய்களையும் பற்றிக் கதை கூறுகின்றான். அக்கதைகளில் விலங்கு வேறு, மனிதர் வேறு என்ற பிரிவு தெளிவாக இல்லை. பெண் பிள்ளைகள் காடேறித் திரிவது தகாதென ஊர்ப்பெண்கள் பழிக்கின்றனர். அக்குடும்பத்தாரை வேடர் எனத் தூற்றுகின்றனர். அவ்விருவரோ ஊரின் மற்றப் பெண்களைக் காட்டிலும் அச்சங் குறைந்தவர்களாய், உடல் வலியும் மன உறுதியும் உடையவர்களாய் வளர்கின்றனர்.

இதனைக் கல்வி எனக் கூறத் தயங்க வேண்டியதில்லை. கல்விக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் இங்கே உள. கற்பிப்போன் தன் பொருளை முற்றாக அறிந்திருக்கின்றான். கற்போர் விருப்போடு கேட்கின்றனர். கற்றது நாள்தோறும் பயன்படுகின்றது. நமது வகுப்பறைகளில் இம்மூன்றும் ஒருங்கு கூடும் நாட்கள் எத்தனை என ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளலாம். எனினும் இக்கல்வியில் ஒரு துறை முற்றாக இல்லை. மனிதன் மனிதனுக்கு இழைக்கும் சூழ்ச்சியைப் பற்றிச் சிலிந்து தன் மக்களுக்கு யாதுங் கற்பிக்கவில்லை. அதனை அவனே அறிந்தானல்லன்.

காடு தீயதா?

நூலின் தொடக்கப் பக்கங்களிலேயே வூல்ஃப் காட்டைத் தீமையின் உருவமாகக் காட்டிவிடுகின்றார். அச்சம், பசி, தாகம் என்பனவே அதன் விதி என்பது அவர் முன்வைக்கும் கருத்து. நூலைப் பற்றி எழுதியோர் பலரும் இதனையே நாவலின் திரண்ட பொருளாகக் கொள்வர். ஆயின் ஆசிரியர் தொடக்கத்திற் கூறும் கருத்தும் அவர் பின்னர் நடத்திச் செல்லும் கதையும் ஒன்றுபடுகின்றனவா என்பதைச் சோதிப்பது திறனாய்வாளன் கடன். நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அடி எங்கிருந்து விழுந்தது என நோக்குவோம்.

புஞ்சி மெனிக்கா பபுன் என்னும் இளைஞனை மணக்கின்றாள். அவன் ஊர் ஆராச்சியான பபேஹாமியின் மனைவிக்குச் சகோதரன். வேடர் எனத் தூற்றப்படுங் குடியில் தன் மைத்துனன் பெண்கொண்டதை ஆராச்சி மானக்கேடாகக் கருதுகின்றான். பகை இங்ஙனந் தொடங்குகின்றது. ஆராச்சி என்பவன் நம் பகுதியின் விதானையாரை ஒத்த அரசாங்க உத்தியோகத்தன். அவன் பகைக்கு ஆயுதமாக அமைவது கத்தியன்று, அனுமதிப் பத்திரம்.

இதனை விளங்குவதற்குச் சற்று வரலாறு வேண்டும். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டுநிலங்கள் பெரும்பாலானவற்றை முடிக்குச் சொந்தமெனக் கொண்டது. 1897 இன் தரிசுநிலச் சட்டம் அப்பிடியை மேலும் இறுக்கியது. காட்டை வெட்டி எரித்துக் குரக்கன் விதைக்குஞ் சேனைப் பயிர்ச்செய்கை முன்னோர் காலந்தொட்டு நடந்து வந்ததொன்று. அது இப்போது அரசின் அனுமதியை வேண்டி நிற்கும் செயலாயிற்று. அனுமதி கேட்போன் யார், அவனுக்குத் தகுதி உண்டா என மேலிடத்துக்கு எடுத்துரைப்பவன் ஆராச்சி. ஆகவே ஒருவன் உண்பதும் பட்டினி கிடப்பதும் அவன் நாவின் நுனியில் தங்கின. பெத்தகம மக்களோ அறுவடையாகுமுன்னரே விளைவை அடகு வைத்துக் கடன் கொள்பவர்கள். அனுமதி மறுக்கப்பட்டால் கடன் பெருகும். கடன் பெருகினால் கடன்காரன் வீட்டு வாசலுக்கு வருவான்.

இளையவள் ஹின்னிஹாமியை வைத்தியனான புஞ்சிராள விரும்புகின்றான். அவள் மறுக்கவே சிலிந்துவுக்குச் சூனியஞ் செய்ததாக அச்சுறுத்துகின்றான். சிலிந்து நோயிற் கிடக்கின்றான். குடும்பத்தார் பெரகம என்னுந் தலத்துக்கு யாத்திரை போகின்றனர். கதிர்காமத்தை மனத்திற் கொண்டே ஆசிரியர் அதனைப் படைத்தார் என்பர். அங்கே ஒரு சன்னியாசியின் சொல்லைத் தெய்வவாக்காக ஏற்று அவளைக் கொடுத்துவிடுகின்றனர். அவள் அவனோடு நில்லாது தந்தையின் மனைக்கு மீண்டு ஒரு பெண் மகவை ஈனுகின்றாள். அவ்வேளை சிலிந்து காட்டிலிருந்து கொணர்ந்த மான்கன்றொன்றைத் தன் மகவோடு சேர்த்துப் பாலூட்டி வளர்க்கின்றாள். மகவு இறந்த பின் அக்கன்றே அவளுக்கு மகவாகின்றது. மழை பொய்த்துப் பயிர் கருகிய ஆண்டில், அம்மானே கேட்டுக்குக் காரணமென ஊரார் நம்பி அதனைக் கல்லால் அடித்துக் கொல்கின்றனர். அவளும் உயிர் துறக்கின்றாள்.

அடுத்து, கடன்காரனான பெர்னாண்டோ ஊருக்குள் வந்து குடியேறிப் புஞ்சி மெனிக்காவை இச்சிக்கின்றான். அவள் இணங்கவில்லை. ஆராச்சியும் அவனுங் கூடிப் பபுன் மீதும் சிலிந்து மீதும் பொய்யான திருட்டு வழக்கொன்றைப் புனைகின்றனர். சிலிந்து விடுதலை பெறுகின்றான்; பபுனுக்கு ஆறு மாதக் கடூழியச் சிறை. அதன் பின்னரே சிலிந்து, தான் இதுகாறும் வேட்டையாடப்பட்ட விலங்கு என்பதை உணர்கின்றான். காயமுற்ற எருமை திரும்பிப் பாய்வது போலத் துப்பாக்கியெடுத்து இருவரையுஞ் சுட்டுக் கொல்கின்றான். மரண தண்டனை இருபதாண்டுச் சிறையாகக் குறைக்கப்படுகின்றது. பபுன் சிறையிலேயே மாள்கின்றான்.

இந்நிகழ்ச்சிகளுள் காடு செய்த தீமை எது? யானை எவரையும் மிதிக்கவில்லை. சிறுத்தை எவரையும் கவ்வவில்லை. மழை பொய்த்தது உண்மை. காய்ச்சலும் பசியும் ஊரை அரித்தன என்பதும் உண்மை. இவற்றை மறைத்தல் நேர்மையன்று. எனினும் பசியைக் கடனாக மாற்றியதும், கடனை விலங்காக மாற்றியதும் மனிதர் அமைத்த ஏற்பாடுகளே. காட்டின் விதியைச் சிலிந்து நன்கறிந்திருந்தான். அதனால் அவன் பிழைத்தான். பத்திரத்தின் விதியை அவன் அறியான். அதனால் அவன் மக்கள் அழிந்தனர். ஆசிரியர் காட்டின் மேற் சுமத்திய குற்றத்திலிருந்து அவர் எழுதிய கதையே காட்டை விடுவித்துவிடுகின்றது.

நீதிமன்றக் காட்சி

நாவலின் உச்சமாக நாம் மதிப்பது கொலையை அன்று. அதற்கு முன் வரும் நீதிமன்றக் காட்சியையே. சாட்சிகள் சிங்களத்திற் கூற, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்திற் கூற, நீதவான் எழுதிக்கொள்கின்றார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விருப்பமுண்டா எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரைக் கேட்கின்றனர். எல்லாம் பொய்யென்று கூறுவதைத் தவிர வேறென்ன செய்வது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. ஒரு பொய்யைக் கேள்விகளால் உடைக்கலாம் என்பதே அவர்கள் அறியாத கலை. நீதவான் கெட்டவரல்லர், இவ்வழக்கின் பின்னே ஏதோ மறைந்து கிடக்கின்றது என ஐயுறவுஞ் செய்கின்றார். ஆயினும் அவர் முன் உள்ள சான்றுகளின்படியே தீர்ப்பு அமைகின்றது. ஒரு பொய் முறைப்படி எழுதப்பட்டு வந்தமையால் வென்றது. ஓர் உண்மை எழுதத் தெரியாதோரிடம் இருந்தமையால் தோற்றது.

அந்நாற்காலியில் அமர்ந்து பழகிய ஒருவரே இக்காட்சியை எழுதினார் என்பதை எண்ணும்போது, தம் தொழிலைப் பற்றித் தாமே அளித்த வாக்குமூலமாக இதனை நாம் கொள்ளலாம். நீதி வழங்கும் முறைகள் பிழையின்றி நடைபெற்ற போதும் நீதி கிடைக்காதிருக்கலாம் என்பதை இத்துணை அமைதியாகக் கூறிய பகுதிகள் நாவல் இலக்கியத்திற் பலவல்ல.

குறைபாடு

நூலின் சிறப்பைக் கூறிய யாம் அதன் குறையையுங் கூறுதல் வேண்டும். ஆட்சிமுறையின் பிழையை இத்துணைத் தெளிவாகக் கண்ட ஆசிரியர், இறுதியிற் பழியை மீண்டும் காட்டின் மேலேயே போட்டுவிடுகின்றார். ஊர் ஒவ்வொரு குடிசையாக அழிகின்றது. புஞ்சி மெனிக்கா தனியளாகின்றாள். குடிசையைக் காடு சூழ்கின்றது. பசியாலும் நோயாலும் அவள் கிடக்கும் இரவில் காட்டுப் பன்றியொன்று உள்ளே நுழைவதோடு கதை முடிகின்றது. படிப்போர் நெஞ்சை உறையச் செய்யும் முடிவுதான். ஆனால் ஊரைக் காடு விழுங்கியது என்னும் உருவகம், ஊரைக் காலி செய்தவர் யார் என்னுங் கேள்வியை மூடிவிடுகின்றது. விதியென்று கூறிவிட்டால் விடை கூற வேண்டியவர் எவருமில்லை.

இன்னொன்றுங் கூறலாம். அம்மக்களை விலங்குகளோடு ஒப்பிடும் உவமைகள் நூலெங்கும் வருகின்றன. சிலிந்துவே தன்னை விலங்காகக் காணும் இடத்தில் அவ்வுவமை உயிருள்ளது. ஆசிரியர் தாமாகக் கூறும் இடங்களில் அது மேலேயிருந்து நோக்குவோனின் பார்வையாகி விடுகின்றது. குடிசைக்குள் வந்தமர்ந்த அதிகாரி, தம் தொப்பியை வாசலிற் கழற்றி வைக்க ஓரிரு இடங்களில் மறந்துவிட்டார் எனலாம்.

வடபுலக் காட்டில் ஒரு குடும்பம்

ஆராச்சியும் கடன்காரனும் நீதிமன்றமும் இல்லாத காடொன்று இருந்தால் சிலிந்துவின் மக்கள் நலமுடன் வாழ்ந்திருப்பரோ? நமது கருத்தைச் சோதிக்க இக்கேள்வி இன்றியமையாதது. நல்வினையாகவோ தீவினையாகவோ, அத்தகைய சோதனையொன்றை உலகம் உண்மையிலேயே கண்டுள்ளது. ருசிய நாட்டின் வடபுலக் காடாகிய சைபீரியத் தைகாவில் வாழ்ந்த லைக்கோவ் குடும்பத்தின் வரலாறே அது. வாசிலி பெஸ்கோவ் என்னும் பத்திரிகை எழுத்தாளர் 1982 முதல் அதனை எழுதி வந்தார். பின்னர் அது நூலாகவும் வெளிவந்தது.

பழைய மரபுக் கிறித்தவரான கார்ப் லைக்கோவ், தம் சகோதரர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், 1936 இல் மனைவி அக்குலீனாவோடும் இரு குழந்தைகளோடும் காட்டுக்குள் ஒளித்தார். காட்டிலேயே மேலும் இருவர் பிறந்தனர். 1978 இல் நிலவியலாளர் சிலர் வானிலிருந்து ஒரு தோட்டத்தைக் கண்டு தேடிச் செல்லும் வரை அக்குடும்பத்தை வெளியார் அறிந்திலர். இரண்டாம் உலகப் போர் நடந்ததையும் அவர்கள் அறிந்திலர். தாய் பூர்ச்ச மரக் குச்சியைக் காட்டுப் பழச்சாற்றில் தோய்த்து எழுத்துக் கற்பித்தாள். சமய நூலே பாடநூல். மகன் திமித்ரி பனியிலும் வெறுங்காலோடு சென்று வேட்டையாட வல்லவன். சிலிந்து தன் மக்களுக்குத் தந்த கல்வியின் வடபுல வடிவம் இது எனலாம். அதனோடு எழுத்தறிவுஞ் சேர்ந்திருந்தது.

ஆயினும் 1961 இல் ஆனி மாதத்திற் பெய்த பனி பயிரை அழித்தது. தாய் தன் உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பட்டினியால் இறந்தாள். எஞ்சிய ஒரேயொரு ரை தானியத் தளிரை அணிலும் எலியும் தின்னாது இரவு பகலாகக் காத்து, அதிலிருந்து கிடைத்த பதினெட்டு மணிகளைக் கொண்டே மீண்டும் அத்தானியத்தைப் பெருக்கினர். வெளியார் வந்தபின் அவர்கள் முதலில் ஏற்றுக்கொண்ட கொடை உப்பு மட்டுமே. 1981 இல் மக்கள் நால்வருள் மூவர் அடுத்தடுத்து மாண்டனர். திமித்ரி நுரையீரல் அழற்சியுற்றுக் கிடந்தபோது, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வந்தோருடன் போக மறுத்தான். தந்தை 1988 இல் இறந்தார். இளைய மகள் அகாஃபியா காட்டிலேயே தங்கினாள்.

இவ்வரலாறு நமக்கு ஒரு திருத்தத்தைத் தருகின்றது. ஆட்சியின் கை எட்டாத காட்டிலுங்கூடப் பட்டினி உண்டு. ஆகவே வெளியுலகமே எல்லாத் தீமைக்குங் காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. கார்ப் தம் பிள்ளைகளைக் காட்டுக்குக் கொண்டு சென்றதற்குத் தக்க காரணம் இருந்தது. சுடப்பட்ட சகோதரரின் உடலைக் கண்டவர் அவர். ஆனால் அந்தக் காரணம் தந்தையினுடையது, வாழ்க்கையோ பிள்ளைகளுடையது. காட்டிற் பிறந்த இருவரும் வேறொரு வாழ்வை நேரிற் காணும் முன்னரே நடுவயதை நெருங்கிவிட்டனர். சிலிந்துவின் மக்களைப் பிறர் அழித்தனர். லைக்கோவின் மக்களுக்கு எவரும் தீங்கு கருதவில்லை. எனினும் தெரிந்தெடுக்கும் உரிமை இரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இல்லாதிருந்தது. இவ்விடத்தில் இரு வரலாறுகளும் ஒன்றாகின்றன.

தமிழில்

நம் மொழியிலும் காட்டு வாழ்வைப் பாடிய நாவல் இல்லாமற் போகவில்லை. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. முல்லைத்தீவுப் பகுதியின் தண்ணிமுறிப்பே அதன் களம். கதிராமனும் பதஞ்சலியும் வன்னிக் காட்டோடு கொண்ட உறவை அந்நூல் அச்சமின்றி, அன்போடு காட்டுகின்றது. வூல்ஃப் காணாத காட்டின் இன்முகம் அங்கே உண்டு; அதனை உள்ளிருந்து நோக்கிய கண் அது. அக்காட்டூருக்குப் பள்ளி நடத்த ஓர் ஆசிரியர் வருகின்றார் என்பதும், அவ்வருகை அவ்வாழ்வின் அமைதியைக் குலைக்கின்றது என்பதும் எம் போன்ற ஆசிரியர் மறக்கலாகாதன. எழுத்தைக் கொண்டு செல்பவன் தன் குறைகளையும் உடன் கொண்டே செல்கின்றான்.

1984 ஆம் ஆண்டின் இறுதியில் மணலாற்றுப் பகுதிக் கிராமங்களோடு தண்ணிமுறிப்பு மக்களும் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்கள் விட்டுச் சென்ற முற்றங்களிற் புதர் வளர்ந்திருக்கும். அதனைக் கண்டு, காடு ஊரை விழுங்கியது எனக் கூறுவோர் உளராயின் நாம் நகைக்க மாட்டோமா? பெத்தகமவின் முடிவைப் பற்றி நாம் மேலே கூறிய குறை எத்தகையது என்பது இதனால் விளங்கும்.

எம் கரையிலிருந்து

பள்ளிவாசல்துறையில் இருந்து இதனை எழுதுகின்றேன். மேற்கே கடல், கிழக்கே புத்தளக் களப்பு, களப்புக்கு அப்பால் வடகிழக்கே வில்பத்துக் காடு. இங்கே காட்டுக்கு ஈடாக அமைந்தது கடல். மீன்பிடிப் பருவம் மாறும்போது குடும்பங்கள் சில கற்பிட்டிக்கு வடக்கேயுள்ள தீவுகளின் வாடிகளுக்குப் பெயர்ந்து செல்கின்றன. பிள்ளைகளும் உடன் செல்கின்றனர். வகுப்பில் வெற்றிடங்கள் தோன்றும். வரவுப் பதிவேட்டில் சிவப்பு மையாற் குறியிடுவதன்றி முன்னர் வேறொன்றும் யான் செய்ததில்லை.

ஒரு முறை எட்டு வாரங் கழித்து மீண்ட மாணவன் ஒருவனைக் கடிந்து, இத்தனை நாளும் என்ன கற்றாய் என இகழ்ச்சியோடு கேட்டேன். அவன் அதனை உண்மையான கேள்வியென்றே கொண்டான். கச்சான் காற்றுச் சோழகமாகத் திரும்பும் முன் நீரின் நிறம் எங்ஙனம் மாறும், எந்தப் பறவை எங்கே வட்டமிட்டால் அடியில் எம்மீன் கூட்டம் செல்லும் என நெடுநேரம் விளக்கினான். வகுப்பு முழுதும் கேட்டது, யானுங் கேட்டேன். வெளிவாரிப் பட்டத்துக்காகப் பல்லாண்டு கண் விழித்த எனக்கு அவற்றுள் ஒன்றேனும் தெரியாது. சிலிந்துவின் முற்றத்தில் அமர்ந்திருந்தது போன்ற உணர்ச்சி அன்று எனக்கு உண்டாயிற்று.

சில மாதங்களின் பின் அம்மாணவனின் தந்தை ஒரு கடதாசியுடன் என் வீட்டுக்கு வந்தார். படகு இயந்திரத்துக்காகக் கடன் பெற்ற ஓரிடத்தில் எழுதிக் கொடுத்த உடன்படிக்கை அது. அவருக்கு வாசிக்க இயலாத மொழியில் இருந்தது. அதில் என்ன எழுதப்பட்டுள்ளது எனக் கேட்டார். ஒரு தவணை தவறினால் இயந்திரத்தோடு படகையும் எடுத்துக்கொள்ளலாம் என எழுதப்பட்டிருந்தது. கையொப்பம் இட்டாயிற்றா என வினவினேன். இட்டு மூன்று மாதமாயிற்று என்றார். சோழகத்தின் குறியை ஒரு நாள் முன்னரே அறியும் அம்மனிதர், தம் கையிலிருந்த தாளின் குறியை அறியாதிருந்தார். பெத்தகமவின் நீதிமன்றம் நூறாண்டுக்கு முந்திய கதையெனக் கருதியிருந்த யான் அன்று என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

முடிவுரை

ஆதலின் நாம் தொடங்கிய கேள்விக்கு விடை யாது? சிலிந்து தன் கடமையிலே தவறினான் என முற்றாகக் கூற இயலாது, அறிந்ததைக் கொடுத்தான். கொல்லனின் வேலைப் போல், அவன் அறியாததைக் கொடுக்க வேண்டியவர் வேறு இருந்தனர். அவ்வேந்தன் பெத்தகமவுக்கு வரியாகவும் பத்திரமாகவும் சிறையாகவும் வந்தான். பள்ளியாக ஒரு நாளும் வரவில்லை. அந்நாவலில் வரும் பத்துக் குடிசைகளுக்கும் ஒரு பள்ளி இல்லை என்பதை, பன்முறை படித்த பின்னரே யான் கவனித்தேன். ஆசிரியனாகிய எனக்கே அது உடனே தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன்.

பள்ளி வந்திருந்தால் அது எத்தகைய பள்ளியாக இருத்தல் வேண்டும்? காட்டுச் சுவடு அறிந்த பெண்ணுக்கு அதனை மறக்கக் கற்பிக்கும் பள்ளியாக இருப்பின், அது இன்னொரு ஆராச்சியாகவே முடியும். சுவடோடு கூட எழுத்தையும் படித்து, காட்டிலே வாழ்வதா நாட்டிலே வாழ்வதா என்பதைத் தானே துணியும் ஆற்றலைக் கொடுக்கும் பள்ளியே புஞ்சி மெனிக்காவுக்கும் அகாஃபியாவுக்கும் உரியதாயிருந்திருக்கும். அவர்கள் அதன் பின்னரும் காட்டையே விரும்பியிருக்கலாம். அவ்விருப்பம் அப்போது அவர்களுடையதாக இருந்திருக்கும்.

வூல்ஃபின் நாவலை நம் மாணவர் படித்தல் வேண்டும். உயர்வகுப்பு மாணவர் சிலர் கூடி நீதிமன்றக் காட்சியையேனும் நல்ல தமிழில் ஆக்கி இம்மலரின் பின்வரும் இதழொன்றில் வெளியிடுவாராயின் அது நற்றொண்டாகும். என் மாணவன் இவ்வாண்டும் வாடிக்குச் சென்றுள்ளான். இம்முறை அவனுடைய புத்தகங்களிற் சிலவற்றை நீர் படாதவாறு பொதிந்து கொடுத்தனுப்பினேன். அவன் பெயருக்கு நேரே பதிவேட்டில் இன்னும் சிவப்புக் குறியே இடுகின்றேன், சட்டம் அது. ஆயினும் மீண்டு வந்ததும் அவனிடம் கேட்பதற்கெனச் சில கேள்விகளை எழுதி வைத்திருக்கின்றேன். அவற்றுட் பாதி, எனக்கு விடை தெரியாதவை.